ஒன்பது கோல் மாப்பிள்ளை

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
12 அக்டோபர் 1998

அன்புள்ள தங்கை கலாவதிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் மாப்பிள்ளை மயில்சாமியும், உன் வீட்டில் தங்கியிருக்கும் என் மகள் வான்மதியும் நலம் என்று நம்புகிறேன். நம்புவதற்கு மேல் எனக்கு எதுவும் தெரிவிக்கப்படுவதில்லை என்பதால், என் குறைகளைத் தேதிவாரியாகக் கீழே தருகிறேன்.

1. 17 மே 1998. வான்மதி எங்கே என்று தொலைபேசியில் கேட்டேன். "மீனாட்சி கோயிலுக்குப் போயிருக்காண்ணா" என்றாய். அந்த நேரத்தில் அவள் ஹூஸ்டனில் ஒரு கால்பந்து மைதானத்தில் இருந்தாள்.

2. 4 ஜூலை 1998. அந்த நபரை வீட்டுக்கு அழைத்து அரிசிம்பருப்பு சாதம் போட்டிருக்கிறாய். எனக்கு அனுப்பிய புகைப்படத்தின் வலது ஓரம் கத்தரிக்கப்பட்டிருக்கிறது. கத்தரித்தவர் ஒரு முழங்கையை விட்டுவிட்டார். அந்த நிறத்தில் நம் குடும்பத்தில் எவருக்கும் முழங்கை இல்லை.

3. 20 செப்டம்பர் 1998. நான் அனுப்பிய மூன்று ஜாதகங்களையும் நட்சத்திரம் சரியில்லை என்று திருப்பிவிட்டாய். உன் கல்யாணத்துக்கு ஜாதகமே பார்க்கக் கூடாது என்று அப்பாவிடம் வாதாடியவள் நீ.

4. 10 அக்டோபர் 1998. மாப்பிள்ளை தொலைபேசியில், "நம்ம பையன் கோல் அடிக்கலீன்னா என்னங்க மச்சான், டீம் ஜெயிச்சுப் போச்சுல்ல" என்றார். யார் நம்ம பையன் என்று கேட்டேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டார். மாப்பிள்ளை பால் காய்ச்சி நான் பார்த்ததில்லை.

அதன்பின் வான்மதியையே அழைத்துக் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. டச்சுக்காரன், முப்பத்தொரு வயது, பந்து உதைப்பது தொழில், அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு முழங்காலைக் காட்ட வந்தவன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. "Appa, I want to marry him" என்றாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். தனியாக வீடு எடுத்தால் பாதுகாப்பில்லை என்று அவளை உன்னிடம் ஒப்படைத்தவன் நான். முழு விவரமும் எழுது.

இப்படிக்கு,
மணியன்

பேர்லேண்ட், டெக்சாஸ்
25 அக்டோபர் 1998

அன்பு அண்ணாவுக்கு வணக்கம்.

உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? அண்ணி நாகலக்ஷ்மியின் தோள்வலி குறைந்ததா? கடிதம் கண்டேன். ஒவ்வொரு நம்பருக்கும் பதில் எழுதினால் சண்டைதான் வளரும். படத்தைக் கத்தரித்தது நான். அந்த முழங்கையை வெட்டினால் வான்மதியின் தோளும் போய்விடும், அதனால் விட்டேன்.

பையன் பெயர் யோரிஸ் வான் டாலன். என் வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், "வான்மதி, வான் டாலன். பேர்ப் பொருத்தம் பாத்தாச்சு, இனி மண்டபந்தான் பாக்கணும்" என்றார். வான்மதி, "மாமா, please stop" என்றாள். யோரிஸ் ஒன்றும் புரியாமல் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார்.

வீட்டுக்கு வருவதென்றால் ஒரு வாரம் முன்பே போன் செய்து, "நாலரை மணி சரியா, ஆன்ட்டி?" என்று கேட்பார். நாலரைக்குக் கார் வந்து நிற்கும். போன வாரம் ஒரு காலண்டர் கொண்டுவந்தார். பிறந்த நாள் எல்லாம் எழுதி வைக்கிற காலண்டராம், அவர்கள் ஊரில் அதைக் கக்கூஸில்தான் மாட்டுவார்களாம். "மீனாட்சியம்மன் காலண்டர் பக்கத்துல இதை மாட்டிராத கலா, தெய்வ குத்தமாயிரும்" என்று இவர் ஓடி வந்தார்.

நீங்கள் கேட்ட பயோடேட்டா: டெவென்டர் என்ற ஊர். அப்பா சைக்கிள் கடை, அம்மா டீச்சர். பதினெட்டு வயதில் ஆட வந்தவர். ஹாலந்தில் மூன்று கிளப், ஜெர்மனியில் ஒன்று, இப்போது ஹூஸ்டன் ஹெரான்ஸ். நடுக்களத்தில் ஆடுகிறார். இதுவரை ஒன்பது கோல்.

நல்ல பையன் அண்ணா. நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

அன்புத் தங்கை,
கலா

பிஸ்கட்டவே
8 நவம்பர் 1998

அன்புள்ள கலாவதிக்கு,

நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கோபத்தை என் உடலைப் பாதிக்காத வகையில் வைத்திருக்கிறேன்.

நீ அனுப்பிய விவரங்களை ஆராய்ந்தேன். பந்தை வலைக்குள் அனுப்புவதே நோக்கமாகக் கொண்ட ஓர் ஆட்டத்தில், பதின்மூன்று ஆண்டுகள் தொழில் செய்து ஒன்பது முறை அதைச் செய்திருக்கிறான். என் மாணவன் ஒருவன் இப்படி ஒரு மதிப்பெண் பட்டியலோடு வந்தால் வேறு துறையைப் பரிந்துரைப்பேன். ஐந்து கிளப்புகள் மாறியிருக்கிறான். வேலை தாவுகிறவர்களுக்கு நம்மவர்களே பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள்.

முக்கியமானது இது. அவன் இந்த நாட்டில் இருப்பது விளையாட்டு வீரர்களுக்கான விசாவில். கிளப் இருக்கும்வரை விசா. வான்மதி அமெரிக்கக் குடிமகள். முப்பத்தொரு வயதில் முழங்கால் தேய்ந்த ஓர் ஆட்டக்காரனுக்கு என் மகளிடம் என்ன தேவை என்பதை விளக்கப் புள்ளியியல் பேராசிரியன் வேண்டியதில்லை. கிரீன் கார்டுக்காக நம் பையன்கள் செய்ததாக நாம் கேள்விப்பட்ட அத்தனையையும் ஒரு வெள்ளைக்காரன் செய்ய மாட்டான் என்று நீ நினைக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை.

இன்னொன்று. நம் வழக்கத்தில் பையன் வீட்டார் பெரியவர்களோடு பெண் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். அதன் பிறகுதான் உறுதி வார்த்தை. இன்றுவரை என் வாசலுக்கு எவரும் வரவில்லை. கேட்க வரும்படி எழுதி அழைக்கும் தகப்பன் நம் பக்கத்தில் பிறக்கவில்லை.

மணியன்

பேர்லேண்ட்
18 ஜனவரி 1999

அன்பு அண்ணாவுக்கு,

பொங்கல் வாழ்த்துகள். நாங்கள் நலம். இரண்டு மாதமாக எழுதாததற்குக் காரணம், உங்கள் கடைசிக் கடிதத்தை வான்மதி படித்துவிட்டாள். மேஜையில் வைத்தது என் தப்பு. அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நீங்களே காரில் கூட்டிப் போனது மறந்துவிட்டது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, கிரீன் கார்டு பற்றி எழுதிய பத்தியை முழுக்கப் படித்திருக்கிறாள்.  இரண்டு நாள் கழித்து, "அத்தை, அப்பா வராம நான் கல்யாணம் பண்ண மாட்டேன். But I won't marry anyone else either" என்றாள். உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை.

யோரிஸிடம் நான் கேட்டேன், ஏன் போய் எங்கள் அண்ணாவைப் பார்க்கவில்லை என்று. அவர் திகைத்துப்போனார். "அவர் என்னைக் கூப்பிடவே இல்லையே, ஆன்ட்டி. தேதி சொல்லாமல் ஒருவர் வீட்டுக்கு எப்படிப் போவது? அவமரியாதை இல்லையா? அவர் ஒரு தேதி சொன்னால் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறுவேன்" என்கிறார். அழைக்காமல் வருவது அவர்களுக்கு மரியாதை இல்லை, அழைப்பது நமக்கு மரியாதை இல்லை. என் வீட்டுக்காரர் சொல்கிறார்: "இப்படியே ரெண்டு பேரும் மரியாதையா இருந்தா, புள்ளைக்கு அறுவதாங் கல்யாணந்தான் பண்ணோணும்."

இதோடு இரண்டு வீடியோ டேப் அனுப்புகிறேன். பார்க்காவிட்டால் அழித்துவிட்டு ஏதாவது பதிவு செய்துகொள்ளுங்கள்.

கலா

பிஸ்கட்டவே
2 மார்ச் 1999

அன்புள்ள கலாவதிக்கு,

நலம். பனி இன்னும் விடவில்லை.

டேப்புகளைப் பார்த்தேன். அந்த ஆட்டக்காரனின் பயனின்மையை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுவதே என் நோக்கம். அவன் களத்தில் இருந்த நேரத்தையும் வெளியே அமர்ந்திருந்த நேரத்தையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு ஒப்பிட்டேன். அவன் இருக்கும்போது குழு கோல் வாங்குவது அபூர்வம். அவன் வெளியேறியதும் நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது, எதிராளிகள் அதன் வழியே வருகிறார்கள். கோல் அடிப்பவனுக்குப் பந்து யாரிடமிருந்து வந்தது, அவனுக்கு யாரிடமிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் அவரிடம் போய் நிற்கிறது. இந்த முடிவு எனக்கு உவப்பானதன்று. ஆயினும் பதிவு செய்கிறேன்.

ஒரு கேள்வி. இரண்டாவது டேப்பில், இடைவேளைக்குச் சற்று முன்பு, வலைக்கு நேர் எதிரே பந்து அவர் காலில் இருக்கிறது. தடுக்க எவரும் இல்லை. உதைக்காமல் பக்கத்தில் ஓடி வந்த சிறுவயது ஆட்டக்காரனுக்குத் தள்ளிவிடுகிறார். அவன் வானத்தை நோக்கி அடிக்கிறான். இதை அவரிடம் கேட்டு எழுது. உன் அண்ணி என்னுடன் உட்கார்ந்து இதை நான்கு தடவை பார்த்தாள். "அவுரே அடிச்சிருக்கலாமல்லங்க" என்று நான்கு தடவையும் சொன்னாள்.

இரண்டு ஆட்டங்களை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. மேலும் டேப்புகள் தேவை. ஆய்வுக்காக மட்டுமே.

மணியன்

பேர்லேண்ட்
14 ஜூன் 1999

அன்பு அண்ணாவுக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. காரின் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. உடம்புக்கு எல்லோரும் நலம். தனிப் பெட்டியில் ஆறு டேப் அனுப்பியிருக்கிறேன், வந்திருக்கும்.

உங்கள் கேள்வியைக் கேட்டேன். தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.  "அந்தப் பையன் என்னைவிட நல்ல இடத்தில் இருந்தான்" என்றார். அவன்தான் கோட்டை விட்டானே என்றேன். "ஆமாம். ஆனால் நல்ல இடத்தில்தான் இருந்தான்" என்றார். அப்புறம் வான்மதியிடம் ரகசியமாக, "உன் அப்பா என் ஆட்டத்தைப் பார்த்தாரா?" என்று கேட்டாராம். நாட்டு அணிக்கு ஒரு தடவைகூடக் கூப்பிடப்படாத மனிதர். சொந்த அப்பாவே கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தது குறைவாம். அன்று மூன்று தோசை அதிகம் தின்றார்.

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை ஹெரான்ஸ் உங்கள் ஊர்ப் பக்கம் ஆட வருகிறது. உங்கள் வீட்டிலிருந்து அரை மணி டிரைவ். சும்மா தகவலுக்காக எழுதினேன்.

கலா

பேர்லேண்ட்
30 செப்டம்பர் 1999

அன்பு அண்ணாவுக்கு,

என் கடிதம் போய் மூன்று மாதமாகியும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நலமா என்று கேட்கக்கூடப் பயமாக இருக்கிறது.

யோரிஸுக்கு முழங்கால் போய்விட்டது. உங்கள் ஊரில்தான். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது என்று இப்போது தெரிகிறது. அங்கேயே ஆபரேஷன் செய்து ஐந்தாம் நாள் இங்கே கொண்டுவந்தார்கள். சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார்: "ஆன்ட்டி, உங்கள் அண்ணா வந்திருந்தார்." எப்படித் தெரியும் என்றேன். வான்மதி வைத்திருக்கும் படத்தில் முகம் பார்த்திருக்கிறாராம். அந்த வெயிலில் கோட்டும் டையும் கட்டி உட்கார்ந்திருந்தது ஒருவர்தானாம். "நான் விழுந்ததும் எல்லோரும் கத்தினார்கள். அவர் மட்டும் எழுந்து நின்றார். ஸ்ட்ரெச்சர் உள்ளே போகும்வரை உட்காரவில்லை."

வான்மதி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள். நான் அண்ணிக்குப் போன் செய்தேன். "ஆமாங் கண்ணு, ரெண்டு பேரும் போயிருந்தோம். வரும்போது உங்கண்ணன் வீடு தாண்டி ரெண்டு எக்ஸிட் போயிட்டாரு" என்றார்கள்.

நீங்கள் கீழே இறங்கிப் போய் அவரைப் பார்த்திருக்கலாம் அண்ணா. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

கலா

பிஸ்கட்டவே
19 அக்டோபர் 1999

அன்புள்ள கலாவதிக்கு,

நலம். நான் அங்கு சென்றது ஆய்வின் ஒரு பகுதி.

உன் கடிதத்தில் ஒரு திருத்தம். முழங்கால் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். அது தானாகப் போகவில்லை. பின்னாலிருந்து வந்த ஒருவன், பந்து இல்லாத காலை உதைத்தான். நடுவர் மஞ்சள் அட்டைகூடக் காட்டவில்லை. நேரில் கண்ட சாட்சி என்ற முறையில் கால்பந்துச் சங்கத்துக்கு விரிவாக எழுதியுள்ளேன். வருந்துகிறோம் என்று ஒரு வரி பதில் வந்தது. மறுபடி எழுதியுள்ளேன்.

அறுவை சிகிச்சை செய்தவர் யார், எத்தனை ஆண்டு அனுபவம், இனி ஆட முடியும் என்கிறாரா என்பதைத் தெரிவி. உன் அண்ணி கொள்ளுப்பொடி அனுப்பியிருக்கிறாள். எலும்புக்கு நல்லது என்கிறாள். இதற்கு ஆதாரம் எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் தினமும் கொடு.

வான்மதி இரவில் வேலை முடிந்து தனியாகக் கார் ஓட்டி வருகிறாளா?

மணியன்

பேர்லேண்ட்
23 ஜனவரி 2000

அன்பு அண்ணாவுக்கு,

நமஸ்காரம். கொள்ளுப்பொடி தீர்ந்துவிட்டது. அதைத் தவிர நல்ல செய்தி இல்லை.

இனிமேல் ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளப் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. அதோடு விசாவும் போகிறது. பிப்ரவரி 28 கடைசி நாள். அவர் ஊர் டெவென்டரிலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்க ஒரு வேலை வந்திருக்கிறதாம், போகிறேன் என்கிறார்.

இவருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்ப்பா, நாளைக்கே கோர்ட் ஹவுஸ்ல கையெழுத்துப் போடுங்க. கிரீன் கார்டு apply பண்ணிட்டு இங்கயே இரு. மச்சானை நான் பாத்துக்கறேன்" என்றார். யோரிஸ் முடியாது என்றுவிட்டார். இவர் சத்தம் போட்டார். அப்போதுதான் அவர் சொன்னார்: "கார்டுக்காகத்தான் நான் வந்தேன் என்று அவள் அப்பா நினைக்கிறார். விசா முடிகிற வாரத்தில் அவளைக் கட்டினால் அது உண்மையாகிவிடும். அவளுக்கு அப்பா வேண்டும். நான் போய்விட்டால் அவருக்குச் சந்தேகம் தீரும்."

வான்மதி சொல்லித்தான் உங்கள் சந்தேகம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளும் மறைக்கத் தெரியாதவள். இப்போது வேலைக்குப் போகிறாள், வருகிறாள், தட்டில் வைத்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். "கூடப் போயேன்டி" என்றேன். "அப்பா ஒரு வார்த்தை சொல்லாம எப்படி அத்தை?" என்கிறாள்.

இனி நான் எழுத ஒன்றுமில்லை. அண்ணா, நீங்கள்தான்.

கலா

பிஸ்கட்டவே
1 பிப்ரவரி 2000

அன்புள்ள கலாவதிக்கு,

நலம். கீழே உள்ளது உனக்கு எழுதியதன்று. ஆங்கிலத்தில் எழுத என்னால் இயலும். ஆயினும் பெண்ணைப் பற்றிய பேச்சை நான் அறிந்த ஒரே முறையில், தமிழில்தான் பேசுவேன். ஒரு சொல்லும் மென்மையாக்காமல் அவருக்கு மொழிபெயர்த்துச் சொல். வான்மதியும் உடனிருக்கட்டும்.

திரு. யோரிஸ் வான் டாலன் அவர்களுக்கு,

வணக்கம். முழங்காலின் வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் மீது எனக்குக் கடுமையான கோபம் இருக்கிறது.

நீங்கள் என் மகளை மணந்தால் அது இந்த நாட்டில் தங்குவதற்காக என்று நான் எழுதினேன். போதிய தரவு இல்லாமல் எழுதினேன். அதைச் சோதிக்க நீங்கள் தேர்ந்த வழி, விமானம் ஏறிப் போய்விடுவது. ஒரு கருதுகோளைப் பொய்யென்று காட்ட என் மகளைப் பட்டினி போட வேண்டியதில்லை. என் சந்தேகம் தீர வேண்டும் என்று நீங்கள் சொன்னதாக என் தங்கை எழுதுகிறாள். அது தீர்ந்து பல மாதங்களாகின்றன. இதை உங்களிடம் தெரிவிக்க எவருக்கும் அதிகாரம் அளிக்காதவன் நான். அந்தத் தாமதம் என்னுடையது, உங்களுடையதன்று.

திருமணத்துக்குப் பின் நீங்கள் இருவரும் பேர்லேண்டில் இருப்பீர்களா, டெவென்டரில் இருப்பீர்களா என்பது உங்கள் முடிவு. அங்கே குழந்தைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பது மரியாதையான வேலை. நான் முப்பது ஆண்டுகளாக வேறு பாடத்தில் அதைத்தான் செய்கிறேன். டெவென்டரின் குளிர் பற்றி விசாரித்தேன். வான்மதிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. சிறு வயதில் மார்புச் சளி வரும். கவனத்தில் கொள்ளவும்.

எங்கள் வழக்கப்படி நான் உங்களை அழைக்கக் கூடாது. உங்கள் வழக்கப்படி நான் தேதி சொல்லாமல் நீங்கள் வரக் கூடாது. ஆகவே தேதி சொல்கிறேன்: பிப்ரவரி 26, சனிக்கிழமை, காலை பத்து மணி. உங்கள் பெற்றோர் வந்து என் மகளைக் கேட்க வேண்டும். நான் உறுதி வார்த்தை கொடுப்பேன். நியூவர்க் விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். எங்கள் வாசலில் ஐந்து படிகள் இருக்கின்றன. நீங்கள் ஊன்றுகோலோடு ஏறுவதற்காக இன்று ஆள் வைத்துக் கைப்பிடி போட்டாகிவிட்டது. உறங்குவதற்குக் கீழ் அறையை ஒழித்திருக்கிறோம்.

வருகிறீர்களா என்பதையும், உங்கள் தாய் தந்தையர் உணவில் எதை விலக்குவார்கள் என்பதையும், பிப்ரவரி 15-ஆம் தேதிக்குள் உங்கள் கையெழுத்திட்ட கடிதத்தின் மூலம் எனக்குத் தெரிவிக்க வேண்டும். தொலைபேசியில் சொல்வது பதிலாகக் கருதப்படாது.

இப்படிக்கு,
வான்மதியின் அப்பா,
மணியன்